மூக்குமலை மார்க்

பள்ளிப்பட்டு, உரக்கடை மாடி.
பொட்டாஷ் மூட்டை வாசனையில்
ஒன்பதே காலுக்கு இணைப்பைத் திறக்கிறேன்.
அவள் எனக்கு முன்பே உள்ளே இருக்கிறாள்:
ஊதா நிற அம்பு ஒன்று,
வாலில் 'முனிலட்சுமி' என்று கட்டிய சீட்டு.
நகரியில் எந்தத் தெருவோ, எந்த ஜன்னலோரமோ.
பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.
இரண்டு வருஷமாகப் போகவில்லை.

என் அம்பு பச்சை.
நான் கேட்டு வாங்கியதல்ல, அதுவே கொடுத்தது.

தாமோதர நாயுடுவின் துண்டுக்கு லேபிள்.
இந்தப் பக்கத்துக் கடைகளுக்குத் தமிழ்,
அந்தப் பக்கத்துக்குத் தெலுங்கு,
தனியாக ஊறவைத்துத் துவைக்கவும் என்பது இரண்டிலும்.
அவள் திரையில் என் ஒற்றைக்கொம்பு கழன்று
பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் பரிதாபமாக நிற்கும்.
என் திரையில் அவளுடைய தலைக்கட்டுகள்
காற்றில் பறந்த தொப்பிகள்போல
அடுத்த எழுத்தின் மேல் போய் உட்காரும்.
அவள் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது,
என்னுடையது அவளுக்கு.
உடைந்தது மட்டும் இருவருக்கும் தெரியும்.
சிவப்பில் வட்டம் போடுவோம்.
பேசிக்கொள்வது
இங்கிலீஷ் எழுத்தில், பாதி தெலுங்கான தமிழில்.

நாயுடுவுக்குக் கணக்கு கிடையாது.
வாட்ஸப்பில் சுட்டி அனுப்பினால்
பெயர் தெரியாத நீர்நாயாக உள்ளே வருவார்.
நீர்நாய் நேராக விலையிடம் போகும்,
பெரிதாக்கும்.
'சிவப்பு இன்னும் சிவப்பா' என்று எழுதிவிட்டுச்
சாப்பிடப் போய்விடும்.

மலையை நான்தான் வரைந்தேன்.
இந்த மாடியில் நின்றால் தெரிகிறபடி
பாறைமூக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டு.
டீ குடித்துவிட்டு வந்தால் வலப்பக்கம் பார்க்கிறது.
திருப்பினேன்.
திரும்பியது.
திருப்பினேன்.
'தப்பா வரைஞ்சிருக்கீங்க.'
'பொறந்ததுலேருந்து பாக்கறேன்.'
'நானுந்தான்.'

கொஞ்ச நேரம் இரண்டு அம்பும் அசையவில்லை.
பிறகு ஊதா
மூக்கின் நுனிக்கு வந்து
அங்கேயே மெல்ல வட்டமிட்டது.
சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.
பழைய பதிப்புகளைத் திறந்தால் இன்றைக்கும் இருக்கும்:
மூன்று பத்து, இடம். மூன்று பதினொன்று, வலம்.
மூன்று பதினொன்று, இடம்.
யார் எப்போது விட்டுக்கொடுத்தார்கள் என்பதற்கு
இப்படிக் கணக்கு வைக்கும் வீடு ஒன்றில்
யாராவது குடித்தனம் பண்ணமுடியுமா?

நீர்நாய் வந்து தீர்த்துவைத்தது.
'மலை எதுக்கு, கிளி போடுங்க.'
போட்டோம்.
பெயரை மாற்றமுடியாது,
ஜிஎஸ்டியில் மூக்குமலை என்றே பதிந்தாயிற்றாம்.
'கிளிக்கும் மூக்கு இருக்குல்ல?'

அச்சுக்கு அனுப்பும் முன்
எழுத்தெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று
திரையைச் சுருக்கினேன், இன்னும் சுருக்கினேன்.
லேபிள் தபால்தலை அளவுக்குக் குறுகியபோது
அதற்கு வெகுதூரம் வெளியே,
எந்த இயந்திரமும் அச்சடிக்காத சாம்பல் வெளியில்
மலை.
இழுத்துக்கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறாள்.
மூக்கு இடப்பக்கம்.

கேட்கலாம் என்று தட்டச்சுக்குப் போனேன்.
அவளும் அப்போது ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்,
மூன்று புள்ளிகள் துள்ளின, நின்றன.
ஊதா அம்பு கிளியின் வாலருகே உறைந்து
வெளிறி
இல்லாமல் போயிற்று.

நகரியில் மழை வந்தால் முதலில் போவது நெட்.
அதற்குக் கால் மணிக்குள் இங்கே வரும்.
வானிலைச் செயலி வெயில் என்றது.
நான் மாடிக்கு ஓடினேன்.
மூக்குக்குப் பின்னால் கருத்துக்கொண்டிருந்தது.
கொடியில் இரண்டு சட்டை, ஒரு போர்வை,
நாயுடு சாம்பிளுக்குத் தந்த துண்டு.
மூன்று முறை துவைத்தாயிற்று,
இன்னும் சாயம் போகிறது.