கடும் பிரேக்: ஒன்று

நியூட்டன் சர்க்கஸ்.
ஆப்பிள் விழுந்த நியூட்டன் இல்லை,
பழைய நகராட்சியில் எவரோ ஒரு பொறியாளராம்,
டிப்போவில் பூன் கெங் சொன்னான்.
ஆனாலும் இந்த வட்டத்துக்குள் பஸ்ஸைத் திருப்பும்போதெல்லாம்
யாரோ கணக்குக் கேட்கிற மாதிரி இருக்கும்.

முள் முப்பதை விட்டு அசையவில்லை.
வேகம் அதேதான். திசை மட்டும் நழுவுகிறது.
திசை நழுவினால் திசைவேகம் மாறிற்று,
அது மாறினால் முடுக்கம்,
முடுக்கம் என்றால் எங்கோ ஒரு விசை இருந்தாக வேண்டும்:
டயருக்கும் தாருக்கும் நடுவே
உள்ளங்கை அகல ரப்பரில்.
மேல்தளத்தில் அத்தனை பேரும் இடப்பக்கம் சாய்கிறார்கள்.
சாய்வதாக நினைக்கிறார்கள்.
அவர்கள் உடம்புக்கு நேரே போகத்தான் ஆசை.
வளைவது நானும் பஸ்ஸும்.

தோ பாயோவில் ஏறியவர்கள் எண்பதுக்குக் குறையாது.
கார்டு தட்டும் ஒவ்வொரு பீப்புக்கும் அறுபது கிலோ.
மிதி அதே, என் கால் அதே,
வண்டி மட்டும் சோம்பலாகிக்கொண்டே வந்தது.

ஸ்காட்ஸ் ரோட்டுப் பக்கம் வெளியேறும் இடத்தில்
சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு சைக்கிள்.

பதினெட்டு டன், மணிக்கு முப்பது.
பெருக்கி வரும் உந்தத்தை முழுக்கக் கரைக்க வேண்டும்,
அதில் பேரம் கிடையாது.
பேரமெல்லாம் நேரத்தோடு.
நாலு விநாடி கிடைத்தால்
யாருக்கும் தெரியாமல் நிற்கலாம்.
ஒன்றரைதான் கிடைத்தது.

பஸ் நின்றது.
ரொஹானி அக்கா மடியில் முட்டைத் தட்டும் நின்றது.
முட்டைகளுக்குத் தகவல் போகவில்லை.
இரண்டு உடைந்தன.
பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போனான்.

உந்தம் நாணயமானது:
வேகம் இரண்டானால் இரண்டு கேட்கும்.
ஆற்றல் ஆலோங்.
இரண்டுக்கு நாலு என்று
கதவில் சிவப்புப் பெயிண்ட்டோடு வந்து நிற்கும்.
அறுபதில் வந்திருந்தால் நாலு மடங்கு சாலை வேண்டும்.
அவனுக்கும் எனக்கும் நடுவே அவ்வளவு சாலை இல்லை.

இன்டர்சேஞ்சில் இறங்கி முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன்.
அந்த முப்பது எங்கும் போய்விடவில்லை.
இரும்பில் சூடாக உட்கார்ந்திருந்தது,
மழை வரும்வரை.

கண்ணாடிக்குக் கீழே கறுப்புப் பெட்டி
சிவப்பாய் ஒருமுறை மினுக்கி, எழுதிவைத்திருக்கிறது:
கடும் பிரேக், ஒன்று.
அதற்கு முடுக்கம் தெரியும்.
எத்தனை டன் என்று தெரியாது,
அதனால் எவ்வளவு விசை என்றும் தெரியாது.
சைக்கிள் தெரியவே தெரியாது.
காரணம் எழுத ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள்.
"முட்டை இரண்டு" என்று எழுதி, அடித்துவிட்டு,
"சைக்கிள்" என்று எழுதினேன்.

திரும்பும் வழியில் அதே இடம், நீண்ட சிவப்பு விளக்கு.
பிரேக்கை அழுத்தியபடி உட்கார்ந்திருக்கிறேன்.
விசை உண்டு, நகர்வு இல்லை,
ஆகவே செய்த வேலை பூஜ்யம்.
என் வலது முழங்கால்
இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.