பெட்டிக்குப் பின்னால்

பொங்கலுக்கு முந்தின வாரம்
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பதினோரு லாரி போகவேண்டிய இரவில்
நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுபோனது அது.
பெள்ளா கவுடர் புதிது வாங்க மாட்டார்.
"உள்ள மட்டும் மாத்திடு" என்றார்.
மாற்றினேன்.

நேரம் எந்த ஊர் நேரம் என்றது. கொல்கத்தா.
இருப்பது எந்த ஊர் என்றது.
கேத்தி பாலாடா அதன் பட்டியலில் இல்லை.
கோயம்புத்தூருக்கு இறங்கிப்போனேன்.
அன்றிலிருந்து திரை ஓரத்தில்
தெளிந்த நிலா ஒன்று
இருபத்தொரு டிகிரி என்று சாதிக்கிறது,
வெளியே கேரட் சாக்குகளின் மேல்
கல்லுப்பு சிந்தினாற்போல் பனி உறைந்து கிடக்க.

கணினிக்குப் பெயர் வை என்றது.
கேரட்-2 என்று வைத்தேன்.
கேரட்-1 எங்கே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம்.
எழுந்திருக்க அதற்கு
ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி ஆனது.
கூடவே யார் யார் எழுகிறார்கள் என்று பார்த்தேன்:
பேச்சுத் துணைக்கு ஆளே இல்லாத புளூடூத்,
பிரிண்டர் இருக்கிறதா என்று
பிரிண்டர் இல்லாத அறையில் தேடும் ஒருவன்,
எண்ணிய கோப்புகளையே திரும்ப எண்ணும் இன்னொருவன்
(கூலி நாளில் கவுடர் நோட்டை எண்ணுவதுபோல),
மூடும்போது ஜன்னல்கள் நெளியும் நெளிவு, அதன் நிழல்,
நிழலுக்கு ஒரு மங்கல்.
அத்தனையும் அணைத்தேன்.
தமிழ்99 போட்டேன்.
ஒரு விசை தட்டினால் லாரிச் சீட்டு,
இன்னொன்றுக்கு மூட்டைக் கணக்கு.
முப்பத்தொரு நொடியில் எழுந்தது.

மிச்சமான எழுபத்தேழு நொடியை என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு டீ குடித்தேன்.
நான்கு நிமிடம் ஆனது.

மின்விசிறியும் ஓய்ந்துவிட்டது.
கழுவும் உருளை சுற்றுகிற சத்தம்,
குழாய்த் தண்ணீர், யாரோ தும்முவது,
எல்லாம் இப்போதுதான் புதிதாகக் கேட்டது.
பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், இரண்டே முக்கால் மணிக்கு
யோகராணி வந்தாள்.
எப்போதும்போல மேசையைச் சுற்றி
பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.
எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.
என் கணக்கில் நம்பிக்கை இல்லை போலும் என்று
இரண்டு வருடம் நினைத்திருந்தேன்.
திரையே தெரியாத பக்கம் நின்று
எந்தக் கணக்கைப் பார்த்திருக்க முடியும்,
அது எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீரில் ஊறி வெளுத்த பத்து விரலையும்
பின்பக்க ஓட்டைகளுக்கு நேராக விரித்தாள்.
கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.
"இதுக்கு என்னாச்சு?"
பின்னாலேயே பிப்லப் வந்து கை வைத்துப் பார்த்துவிட்டு,
அஸ்ஸாமிலிருந்து வந்து நான்கே மாதத்தில் பழகிய தமிழில் சொன்னான்:
"செத்துப் போச்சு அக்கா."

அவர்கள் போனபின்
அணைத்தவற்றைத் தேடித் தேடி எழுப்பினேன்.
கோப்பு எண்ணுகிறவனை, நிழலை, நிழலின் மங்கலை,
பாவம் புளூடூத்தைக்கூட.
வெதுவெதுப்புதான் வந்தது. போதவில்லை.
பகா எண்களைத் தேடு என்று ஒரு வேலை எழுதிக் கொடுத்தேன்,
இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை,
முடிவு என்று ஒன்றும் சொல்லாமல்.

இப்போது விசிறி அலறுகிறது.
நான்கு மூளையும் தொண்ணூற்றெட்டு சதவீதம்.
உள்ளே எழுபத்தொரு டிகிரி.
தொடங்க எத்தனை நொடி ஆகிறதென்று
நான் பார்ப்பதில்லை.
கரண்ட் பில் கொஞ்சம் ஏறும்.
கவுடர் கேட்டால் பராமரிப்பு என்பேன்.

"இவ்ளோ சத்தம் போட்டு என்னத்த தேடுது?"
யோகராணி கேட்டாள்.
வகுக்க முடியாத எண்களை என்றேன்.
"கெடைக்குதா?"
கிடைத்துக்கொண்டே இருக்கிறது,
ஒரு கோடியைத் தாண்டிவிட்டது என்றேன்.
"இன்னும் தேடட்டும்" என்று
கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டினாள்.