பக்கம் 212-க்கு எதிரே

இருப்புச் சரிபார்ப்புக்கு மார்ச் மாதம்தான் வாகு.
பரீட்சைக் காலம். பொறையாறு கிளை நூலகத்தில்
செய்தித்தாளுக்கு மூன்று பேர்,
கிறீச்சிடும் மின்விசிறி, நான்.

விக்டோரியா ராணி காலத்து நாவல் ஒன்று
யாரோ பாதிரியார் விட்டுப்போன பெட்டியில் வந்தது.
அறுநூற்றுச் சொச்சம் பக்கம்.
நாற்பது வருடத்தில் ஒன்பது பேர் எடுத்திருக்கிறார்கள்.
எட்டுப் பேர் மறுநாளே திருப்பிவிட்டார்கள்.

படங்கள் இருபத்திரண்டு என்கிறது முன்பக்கப் பட்டியல்.
எண்ணினேன். இருபத்தொன்று.
பக்கம் 212-க்கு எதிரே
பிளேடு நேராகப் போயிருக்கிறது.
கை நடுங்காத ஆள்.

படத்துக்குப் போர்த்தியிருந்த மெல்லிய தாளை மட்டும்
விட்டுவைத்திருந்தார்.
ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
நூறு வருடம் முகத்தோடு முகம் வைத்துக் கிடந்ததில்
மை கொஞ்சம் ஏறியிருந்தது:
டீக்கறை நிறத்தில், இடவலம் மாறி,
ஒரு மாடிப்படி, ஒரு பெரிய பாவாடை,
படிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஏதோ ஒன்று.
நாயோ குடையோ பிள்ளையோ.

என் பெயரில் பதிந்து வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
அப்பன் பட்ட கடனுக்கு மகளைக் கட்டிக்கொடுக்கிற கதை.
அதற்கு இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை.
ஆனால் படங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.
மூடுபனிக்கு ஆசிரியர் இரண்டு பக்கம் செலவழிக்கிறார்.
படம் போட்டவர்
படுக்கைக் கோடாக நாற்பது இழுத்துவிட்டு
நடுவில் ஓரிடத்தில் மை படாமல் விட்டுவிடுகிறார்.
அது விளக்கு.
மார்கழி விடியலில் வீரசோழன் பாலத்தில்
பால்காரர் மொபெட் வரும்போது
முதலில் வருவது அந்த வெற்றுத்தாள்தான்.

ஏப்ரலில் ரவிக்கைத் துணியோடு தரங்கம்பாடி போனேன்.
ஞானாபரணம் டெய்லர் கடை.
விலைப்பட்டியலுக்கும் சபை காலண்டருக்கும் நடுவே
கண்ணாடிச் சட்டத்தில், இடவலம் சரியாகி,
அந்த மாடிப்படி.

கல்யாண கவுனில் ஒரு பெண் இறங்கி வருகிறாள்.
கீழே ஒரு பையன் மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான்.
ஓரமெல்லாம் பென்சிலில் அளவுகள்:
தோள் 14½, இடுப்பு 26,
கைக்கு எத்தனை கொசுவம் என்று ஒரு கணக்கு.
பையனின் முழங்காலுக்குப் பக்கத்திலும் ஒரு எண்.

"புத்தகம் பூரா எழுத்து மேடம்.
துணி எங்க மடியுதுன்னு ஒரு வரி எழுதினாங்களா?
இந்த ஒரு தாளை வச்சு முப்பத்தோரு கவுன் தச்சுட்டேன்.
காரைக்கால்லேருந்துகூட வர்றாங்க."

ஒன்பதாவது ஆள்.
நான் யாரென்று அவருக்குத் தெரியாது.
துணியை நீட்டிக்கொண்டே
பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
205-லிருந்து 220 வரை மூன்று முறை படித்தவள் நான்.
அவன் எங்குமில்லை.
ஆசிரியர் அவளை இருட்டில் தனியாகத்தான் இறக்குகிறார்.
படம் போட்டவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது,
அல்லது அந்த மூலை காலியாக இருந்திருக்கும்.

"பையனுக்கு எதுக்கு அளவு?"
"சும்மாதான். டிரவுசர் லூசா நிக்குது பாருங்க.
வர்றப்பல்லாம் கண்ணை உறுத்துது."

நாடாவை என் தோளில் வைத்தபடி கேட்டார்:
"ஆங்கிலம் படிச்சவங்க மாதிரி இருக்கீங்க.
இது ஏதோ கதைல வர்ற பொண்ணு.
கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்ல?"

விடிந்தால் கல்யாணம் என்கிற ராத்திரியில்
பின்வாசல் வழியாக ஓடுகிறாள்.
அதற்குத்தான் அந்த மாடிப்படி.
அந்தக் கவுனோடுதான் சேற்றில் நாலு மைல் நடக்கிறாள்.

முப்பத்தோரு கவுன்.

"அவ்வளவு தூரம் இன்னும் படிக்கலை," என்றேன்.
"படிச்சா சொல்லுங்க. ரவிக்கை வியாழக்கிழமை."

பதிவேட்டில் அந்த நாவலுக்கு நேரே
பக்கம் சரி, அட்டை சரி, தையல் சரி.
படங்கள்: இருபத்தொன்று.
குறைவுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேனாவைத் திறந்து
வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு
அதை மட்டும் மை படாமல் விட்டேன்.