பதினேழாவது கிணறு

நாளை பதினொன்றுக்கு வாய்மொழித் தேர்வு.
நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண்,
நான்கு ஊர், நான்கு கைப்பேசி,
சென்னையிலிருந்து ஐயாவோ அம்மாவோ ஒரு வெளித்தேர்வாளர்.
வாலிநோக்கத்தில் எனக்கு
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே
இரண்டடி இடத்தில்தான் சிக்னல்.
அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு கொசுவர்த்தி, நான்.
கீழே உப்பளத்து லாரி திரும்பும்போதெல்லாம்
மைக்கை அணைக்கிறேன்.

தங்கச்சிமடத்தில் ஜெனிட்டாவுக்குக் கரண்ட் போகும்.
சாயல்குடியில் காளீஸ்வரனுக்கு டேட்டா தீரும்.
கீழக்கரையில் ரிஃபானாவுக்கு எதுவும் ஆகாது,
ஆனால் நாளைக்குத்தான் அவள் தங்கைக்கு நிச்சயம்.
வாடகை அண்டாக்கள் அடுக்கிய அறைக்குள்ளிருந்து பேசுகிறாள்,
கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

ஆகவே ஒரு விதி வைத்தோம்.
யார் குரல் அறுந்தாலும்
அடுத்தவர் அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும்.
மன்னிக்கவும் சொல்லக் கூடாது.
முதலிலிருந்து தொடங்கக் கூடாது.
காளீஸ் வேண்டுமென்றே துண்டித்துக்கொள்வான்:
"நன்னீருக்குக் கனம் குறைவு, அதனால் நிலத்துக்கடியில்
அது கடல்நீரின் மேல்..."
"மிதக்கிறது," ஜெனிட்டா.
"மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்பு..."
"நாற்பதடி ஏறும்," நான்.
மூன்று இரவுகளில்
யார் எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு வாங்குவார்
என்பதுவரை தெரிந்துவிட்டது.

இன்று ஜெனிட்டா தேர்வாளர்.
அண்ணனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
அட்டவணையில் விரலை ஓட்டுகிறாள்.
"முப்பத்திரண்டு கிணறு பார்த்திருக்கீங்க. சரி.
பதினேழில் மட்டும் உப்பு இவ்வளவு கம்மியா இருக்கே,
ஏம்மா?"

பதினேழு என் பங்கு.
மாயாகுளம் தாண்டிப் பனங்காட்டுக்குள்.
அன்றைக்கு நாலு மணி பஸ்ஸை விட்டால் ஆறரைதான்.
வயிற்றுவலி வேறு.
ஜன்னலோர இருக்கையில், மடியில் நோட்டை வைத்து,
ஓர் எண் எழுதினேன்.
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் சேர்த்தேன்,
நிஜம்போல இருக்கட்டும் என்று.

"பதினேழாவது கிணறு..."
தொடங்கினேன்.
லாரி வரவில்லை. சிக்னல் நான்கு கோடும் நின்றது.
மைக்கை அணைத்தேன்.

எங்கோ ஓர் அண்டா மூடி உருண்டு அடங்கியது.
பிறகு ரிஃபானா,
நான் விட்ட இடத்திலிருந்தே,
என்னுடைய இழுவையோடு:
"...அளக்கப்படவில்லை."

ஜெனிட்டா கண்ணாடியைக் கழற்றினாள்.
"அந்தப் பக்கத்துத் தண்ணிதான் எங்க வீட்டுக்கு லாரியில வருது.
சோப்பு நுரைக்காது, உமா.
ரிப்போர்ட் தட்டச்சு பண்ணப்பவே தெரியும்."
அப்போதே ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை.
காளீஸ் மட்டும், ரொம்ப நேரம் கழித்து,
"டேட்டா இன்னும் இருக்கு, யாராச்சும் பேசுங்க" என்றான்.

ஐந்து நாற்பது பஸ்.
துறையில் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த மீட்டர்
டிபன் பையில், துண்டுக்குள்.
உடைமுள் காலில் ஏறியது; பிடுங்க நின்றால் நேரம்.
கிணற்றடியில் ஒருவர் ஷேர் ஆட்டோ கழுவுகிறார்.
"குடிக்கவா பார்க்குறீங்க?"
"பரீட்சைக்கு."
"அதுக்கு ஆகும்" என்று
இன்னொரு வாளி இறைத்துத் தந்தார்.

எண் ஏறுகிறது, ஏறுகிறது,
நான் எழுதியதைப்போல் மூன்று மடங்கில் நிற்கிறது.
படமெடுத்துக் குழுவில் போட்டால்
கடிகாரக் குறியோடு அப்படியே கிடக்கிறது.
ரோட்டுக்கு வந்தால் போகும்.

பனைகளுக்கு நடுவே நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்:
"பதினேழாவது கிணறு, முதலில் நாங்கள்..."
நாங்கள் இல்லை. நான்.
"முதலில் நான்..."
இந்த வாக்கியத்தில் எங்கே மூச்சு வாங்குவதென்று
இன்னும் பிடிபடவில்லை.