நாற்பத்தொன்று

ரிச்சி தெரு, இரண்டாம் மாடி.
கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே
இப்ராம்ஷா என் மெமரி கார்டை
அறுந்த பல்லிவாலைப்போல் இடுக்கியில் தூக்கிப் பார்க்கிறார்.
"உப்பு உள்ள போயிருக்கு சார். எத்தனை படம்?"
அறுநூற்றுப் பன்னிரண்டு.
கடன் தொகையைச் சொல்வதுபோல் சொன்னேன்.

மூன்று நாள். பாய் கட்டிய படகு.
பழவேற்காட்டு ஏரிக்குள் காற்று எங்களை
ஒரு தீவிடமிருந்து வாங்கி
இன்னொரு தீவிடம் கொடுத்துக்கொண்டே போனது.
எங்கும் கண்கூசும் வெயில்.
எங்கும் எங்களுக்கு முன்பே யாரோ வந்து போயிருந்தார்கள்:
மணலைக் காலால் தள்ளினால் பானை விளிம்பு,
முள்ளுக்குள் செங்கல் வரிசை,
எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு கல்லறை.
ஆளில்லாத நேரம் பார்த்து எடுத்தேன் எல்லாவற்றையும்.

சுக்கான் பிடித்த எட்டியப்பன்
சட்டத்துக்குள் வரும்போதெல்லாம்
"கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றேன்.
தள்ளித் தள்ளி
பாய்க்கு அந்தப் பக்கமே போய்விட்டார் மனிதர்.

கடைசி நாள் முகத்துவாரத்தில் படகு ஒரு சாய் சாய்ந்தது.
கேமராப் பை தண்ணீரில்.
குதித்து எடுத்துவந்தவர் "இந்தாங்க" என்றார்,
வேறொன்றும் சொல்லவில்லை.

நாலு மணிக்குத் திரையை என் பக்கம் திருப்புகிறார் இப்ராம்ஷா.
நாற்பத்தொன்று.
அதுவும் முழுசில்லை.
மேலே வானம், கீழே சாம்பல் பட்டை.
பாயின் ஒரு முனை, பிறகு கொட்டிய பச்சை.
கல்லறையில் ஒரே ஒரு வரி மிச்சம்.
அதன் கீழே கட்டம் கட்டமாக
எனக்குப் படிக்கத் தெரியாத இரண்டாவது மொழி.

பானை ஓட்டை எடுத்தபோது
மற்ற பாதி எங்கே என்று தோன்றவே இல்லை.
உடைசல் அழகாக இருந்தது.
இங்கே கேட்கிறேன்: "மீதி?"
"வந்தது இவ்ளோதான் சார்."

ஒன்று மட்டும் ஓரம்கூடச் சிதையாமல்.
அங்கேயே, படகிலேயே, நான் அழித்த படம்.
"சில சமயம் அழிச்சதுதான் முழுசா வரும்" என்கிறார்.
தள்ளச் சொன்னது காதில் விழாத ஒரு நொடியில்
எட்டியப்பன்,
கண் பாதி மூடி, கை உயர்த்தி,
விரலிடுக்கில் காற்றைப் பார்க்கிறார்.
பின்னால் எங்கோ தீவு,
துடைக்க மறந்த கறைபோல.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ரசீது இல்லை.
கீழே சார்ஜர் விற்கிறவர்களின் கூச்சலுக்கு நடுவே
மவுண்ட் ரோடு பக்கமிருந்து ஏதோ அசைந்தது.
கடல் காற்றா என்று பார்க்கக்
கையைத் தூக்கினேன்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது.