பதினாறுக்கு எழுவது

கருகிப்போனது நாற்பத்து மூன்று.
குத்தாயிசிச் சந்தையில் கிடைத்தது நாற்பத்து இரண்டு.
"கடைசி எண்தானே வேறு" என்றான் கடைக்காரன்.
எட்டுக் காலும் அதே குழிகளில் உட்கார்ந்தன.
மூச்சில்லை.

ஏழாம் காலில் மீட்டர் வைத்தேன்: பன்னிரண்டு வோல்ட்.
பழையது எட்டரைக்கே விழித்துவிடும்.
இது பதினாறு கேட்கிறது.

வெளியிலிருந்து பதினேழு கொடுத்துத் தொட்டேன்,
ஒரு நொடி.
எழுந்தது. ஓடியது. கையை எடுத்த பின்னும் ஓடியது;
எழுந்துவிட்டால் பத்தே போதும் அதற்கு.

"ஆச்சு, மூடிக் கொடு" என்றார் குராம்,
தோளில் பனியோடு.
மாவு பிசையும் எந்திரம், விடிகாலை நாலு மணி.
நான் வந்து தட்டவா தினமும்?

ஈயம் உருக்கிப் பிடுங்கினேன். தீப்பெட்டியில் போட்டேன்.
மேலே எழுதினேன்: கெட்டதல்ல.

குராம் என் நாற்காலியைப் பார்க்கிறார்.
"தெமூர் எப்போ வருவான்?"