காரணம் என்றொரு கட்டம்

செக்காலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேலே
என் அலுவலகம்.
இரண்டு நாற்காலி, தலை ஆட்டும் மின்விசிறி,
ஒரு நீலச் சுவரொட்டி.
அதில் இருப்பது எந்தக் கடல் என்று
ஒட்டிவிட்டுப் போனவனுக்கே தெரியாது.

சித்திரை வெயிலில் குடையை மடக்கிக்கொண்டு
படியேறி வந்தார் சிகப்பி.
கூட்டுறவு வங்கியில் இருபத்தெட்டு வருடம்
அடுத்தவர் நகையை எடை போட்டவர்.
"கரீபியன்ல ஒரு தீவு வேணும்" என்றார்,
அரைக் கிலோ கருப்பட்டி கேட்பதுபோல.

பார்படோஸ் என்றேன்.
"கிரிக்கெட் பேசுவாங்க."
ஜமைக்கா என்றேன்.
"சத்தம்."
ஆன்டிகுவாவில் முந்நூற்று அறுபத்தைந்து கடற்கரையாம்,
நாளுக்கு ஒன்று என்றேன்.
"எனக்கு ஒன்னு போதும் தம்பி."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு.
அலை எவ்வளவு உயரம்?
நிழல் எத்தனை மணி வரைக்கும்?
மணல் சுடுமா? புயல் எந்த மாசம்?
தனியா வர்ற பொம்பளையை
யாராவது நின்னு பார்ப்பாங்களா?

கடைசிக் கேள்விக்குக் கையேட்டில் பதில் இல்லை.
வேளாங்கண்ணியைத் தாண்டி நான்
கடலென்று எதையும் பார்த்தவனில்லை.
"பார்க்க மாட்டாங்க மேடம்" என்றேன்,
அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி.

அருபா முடிவானது. புயல் பெரும்பாலும்
ஒதுங்கிப் போகும் தீவு.
சென்னை, ஆம்ஸ்டர்டாம், அப்புறம்
அட்லாண்டிக் முழுக்க ஒரு ஜன்னல் இருக்கை.
என் பேரேட்டில் காரணம் என்றொரு கட்டம் உண்டு.
ஓய்வு என்று எழுதப் போனேன்.
"அதைக் காலியா விடுங்க. வந்து சொல்றேன்."

பத்து நாளில் மூன்று செய்தி.

"ஊருக்குள்ள கள்ளியும் ஆடும்.
கல்லல் பக்கம் இறங்கிட்டேனோன்னு நினைச்சேன்."

"மரமெல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு நிக்குது.
காத்து விடமாட்டேங்குது. சேலை சரிப்படாது."

மூன்றாவது ஒரு படம்.
முழுக்க நீலம்.
ஓரத்தில் அவர் விரல்.

திரும்பி வந்தபோது மூக்கில் தோல் உரிந்திருந்தது.
"மீன்ல காரமே இல்லை.
குடிக்கிற தண்ணியே கடல்ல இருந்து எடுக்கிறதாம்.
ஒரு நாள் பாசி ஒதுங்கி நாத்தம் தாங்கலை.
இதையெல்லாம் நீங்க சொல்லவேயில்லை."
வருத்தம் தெரிவிக்க வாயெடுத்தேன்.
"அடுத்த வருஷமும் அங்கேதான் போடுங்க" என்றார்.

பேனாவைத் திறந்து காத்திருந்தேன்.

"இறங்கி நடந்தேன். முழங்கால்.
இன்னும் நடந்தேன். இடுப்பு.
அதோட நின்னுக்கிச்சு தண்ணி.
நடந்துக்கிட்டே இருந்தேன் தம்பி,
ஆழம் வரவேயில்லை."

கட்டம் சிறியது.
ஆழம் வரவில்லை
என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும்
யாரிடமும் சொல்லாமல் தொண்டிக்குப் பஸ் ஏறினேன்.
கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினால்
கணுக்கால்.
சேறு குளிர்ந்து விரலிடுக்கில் ஏறியது.
சாய்ந்து கிடந்த இரண்டு படகைத் தாண்டினேன்.
முழங்கால்.
நூறு அடி, இருநூறு அடி,
அதே முழங்கால்.
அலை என்று சொல்ல ஒன்றுமில்லை.
தேவகோட்டையில் டீ குடித்த காசையும் சேர்த்து
நூறு ரூபாய் ஆகவில்லை.
அவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டுமோ
என்று நினைத்துக்கொண்டே
இன்னும் பத்தடி வைத்தேன்.

"இருதயம் அண்ணே!"

கரையில் மருந்துக்கடைக்காரரின் மச்சினன்.
கையை வாயருகே குவித்துக் கத்தினான்.
"இங்க என்ன பண்றீங்க?
வீட்ல ஏதும் பிரச்சினையா?"

சும்மாதான் என்றேன்.
அவன் நம்பவில்லை.
வண்டியை ஸ்டாண்டு போட்டு,
என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு,
நான் வெளியே வரும்வரை
அங்கேயே நின்றான்,
அவ்வளவு அன்பாக.